அதிகம் பேசப்படாத புதிய புத்தகங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு புத்தகம் நம் கண்ணில் படாமல் போவதற்கும் அதன் தரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருப்பதில்லை. பெரிய பதிப்பகங்கள் ஒரு பருவத்தில் கொண்டுவரும் புத்தகங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்குத்தான் விளம்பரப் பணம் ஒதுக்குகின்றன. மற்றவை வெளிவருகின்றன, அவ்வளவுதான். சங்கிலிப் புத்தகக் கடைகளில் வாசலை ஒட்டிய மேசையில் இடம்பிடிப்பதற்காகப் பதிப்பகங்கள் கடைக்குப் பணம் கொடுப்பது பல நாடுகளில் நெடுநாளைய வழக்கம். அந்த மேசையைக் கடைக்காரரின் ரசனை என்று நம்புகிறவர்கள் வாசகர்கள் மட்டுமே. இணையக் கடையிலும் இதே கதைதான். ‘இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்’ என்று சொல்லும் அல்காரிதம் வேலை செய்வதற்கு முதலில் யாராவது வாங்கியிருக்க வேண்டும். இருபது பேர் மட்டுமே வாங்கிய கவிதைத் தொகுப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. லட்சம் பேர் வாங்கிய நாவலையோ யார் வந்தாலும் நீட்டும்.

இப்படிப்பட்ட சந்தையில் தலைப்புகளைத் துரத்திக்கொண்டிருப்பது வீண் அலைச்சல். தலைப்புகள் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வருகின்றன. அவற்றைப் பொறுமையாகச் சலித்தெடுக்கும் ஆட்கள் குறைவு. ஒரு சிறு பதிப்பகத்தின் பதிப்பாசிரியர், ஒரு மொழிபெயர்ப்பாளர், இலக்கிய இதழில் கவிதைப் பக்கத்தைக் கவனித்துக்கொள்பவர், பரிசுக் குழுவின் நடுவர், நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் நூலகர் ஆகியோரைச் சொல்கிறேன். உங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் இன்னும் பத்துப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்திருப்பார். அவற்றில் எட்டையாவது நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கீழே வரும் படிகள் அத்தகைய ஆட்களைக் கண்டுபிடிப்பதற்கும், அவர்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சோதிப்பதற்குமான வழிகள்.

படி 1: தேவையை வகையின் பெயரால் சொல்லாதீர்கள்

‘இந்த ஆண்டின் சிறந்த நாவல்கள்’ என்று தேடினால் எல்லோருக்கும் கிடைக்கும் பட்டியலே உங்களுக்கும் கிடைக்கும். அதற்குப் பதிலாக, சமீபத்தில் மனதில் தங்கிய மூன்று புத்தகங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எது பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘நல்ல கதை’ என்று எழுதக் கூடாது. ‘கதைசொல்லி பொய் சொல்கிறாள் என்பது பாதியில்தான் தெரிகிறது’, ‘கப்பல் உடைக்கும் தொழில் உள்ளிருந்து காட்டப்படுகிறது’, ‘அம்மாவின் மறதி நோயைப் பற்றி அழாமல் எழுதியிருக்கிறார்’ என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டும். இந்த வரிதான் உங்கள் தேடுசொல். நூலகரிடமோ புத்தகக் கடைக்காரரிடமோ போய் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள். ‘நல்ல நாவல் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டால் விற்பனைப் பட்டியலைக் காட்டுபவர், இந்தக் கேள்விக்கு அலமாரியின் பின்வரிசைக்குப் போவார்.

படி 2: கையில் இருக்கும் புத்தகத்தின் ஓரப் பக்கங்களை வாசியுங்கள்

பெரும்பாலானவர்கள் புரட்டிக் கடந்துவிடும் பக்கங்களில்தான் அடுத்த புத்தகத்துக்கான வழி இருக்கிறது. பொறுமை இருந்தால் இந்த ஒரு படியே பல மாதங்களுக்குப் போதும்.

முதலில் பதிப்பு விவரப் பக்கம். ‘முதல் பதிப்பு’ என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டைப் பாருங்கள். புதிய அட்டை, புதிய முன்னுரையோடு வரும் பழைய புத்தகங்கள் ஏராளம்; சுயமுன்னேற்ற நூல்களில் இது அன்றாட நிகழ்ச்சி. ஆங்கிலப் புத்தகங்கள் பலவற்றில் ‘10 9 8 7 6 5 4 3 2 1’ என்று ஓர் எண்வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண் எதுவோ, அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 1 இன்னும் இருந்தால் உங்கள் கையில் இருப்பது முதல் அச்சு.

அதே பக்கத்தில், ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இருக்கிறது. 2007 முதல் இது 13 இலக்கம். கோடுகளால் ஐந்து துண்டுகளாகப் பிரித்து அச்சிட்டிருந்தால் அதை வாசிக்கலாம். முதல் துண்டு 978 அல்லது 979; இரண்டாவது நாடு அல்லது மொழிப் பிரிவு; மூன்றாவது பதிப்பகம்; நான்காவது அந்தத் தலைப்பு; கடைசி ஒற்றை இலக்கம் சரிபார்ப்புக்கு. கவனிக்க வேண்டியது மூன்றாவதும் நான்காவதும். பெரிய பதிப்பகத்துக்குச் சிறிய எண் தருவார்கள், அப்போதுதான் தலைப்புகளுக்கு அதிக இலக்கங்கள் மிஞ்சும். சிறிய பதிப்பகத்துக்கு நீண்ட எண். தலைப்புக்கான துண்டில் இரண்டே இலக்கங்கள் இருந்தால் அந்தப் பதிப்பகத்துக்கு ஒதுக்கிய அடுக்கில் மொத்தம் 100 எண்கள்தான்; ஒரே இலக்கம் என்றால் 10. சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தேவை என்பதால், மூன்று வடிவிலும் கொண்டுவந்தால் 10 எண்களை வைத்து மூன்று புத்தகங்கள்தான் போட முடியும். பதிப்பகம் வளர வளரக் கூடுதல் அடுக்கு வாங்கிக்கொள்ளும் என்பதால் இதைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும், யாரோ வீட்டு முன்னறையில் நடத்தும் பதிப்பகத்தின் புத்தகம் உங்கள் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது என்பதை ஓர் எண்ணிலிருந்து தெரிந்துகொள்வதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

அடுத்து நன்றியுரை. எழுத்தாளர் தன் பதிப்பாசிரியருக்கும் இலக்கிய முகவருக்கும் முதல் வாசகர்களான சக எழுத்தாளர்களுக்கும் நன்றி சொல்லியிருப்பார். அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பதிப்பாசிரியரின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அவர் கொண்டுவந்த மற்ற புத்தகங்கள் கிடைக்கும். பிற நூல்களின் நன்றியுரைகளிலும் அதே பெயர் தட்டுப்படும். கையெழுத்துப் பிரதியை வாசித்துக் கருத்துச் சொன்னவர்களில் ஒருவராவது அதே போன்ற, ஆனால் இன்னும் அறியப்படாத எழுத்தாளராக இருப்பார்.

கவிதைத் தொகுப்பாக இருந்தால் நன்றிப் பக்கம் இன்னும் பயன் தரும். எந்தக் கவிதை எந்த இதழில் முதலில் வந்தது என்ற பட்டியல் அங்கே இருக்கும். அந்த இதழ்களின் பெயர்கள் உங்களுக்கு ஒரு நுழைவுச்சீட்டு.

பின்னட்டையில் இருக்கும் புகழுரைகளுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. நண்பர்கள் நண்பர்களுக்கு எழுதுவது அது. ஒரே முகவரின் எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் புகழ்வதும் உண்டு. ஆனால் அதையே திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாம். புகழ்ந்தவர் யார் என்று தெரியாவிட்டால் அவரைத் தேடுங்கள். புகழப்பட்ட புத்தகத்தைவிடப் புகழ்ந்தவரின் புத்தகம் நன்றாக இருந்துவிடுவது அரிதல்ல.

படி 3: இரண்டு மூன்று சிறு பதிப்பகங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்

ஆண்டுக்கு ஐந்நூறு தலைப்புகள் போடும் நிறுவனத்துக்கு ஒரு தனி ரசனை இருக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு மட்டும் போடுபவருக்கு இருந்தே தீரும், ஏனென்றால் ஒவ்வொரு தேர்விலும் அவர் தன் பணத்தைப் பணயம் வைக்கிறார். லண்டனில் 2014இல் தொடங்கிய ஃபிட்ஸ்கரால்டோ எடிஷன்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புனைவுக்கு நீல அட்டை, கட்டுரைகளுக்கு வெள்ளை அட்டை, படம் கிடையாது. அந்தச் சிறு பதிப்பகத்தின் பட்டியலில் ஸ்வெட்லானா அலெக்ஸிவிச், ஓல்கா டோகார்ச்சுக், அன்னி எர்னோ, யூன் ஃபோசே போன்ற நோபல் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். நோபல் வந்தபின் பலர் தேடி ஓடிய பெயர்கள் இவை. அந்தப் பட்டியலை முன்பே கவனித்து வந்தவருக்கு அந்த அறிவிப்புகள் பழைய செய்தி.

ஆங்கில மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் வென்ற கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலை டெய்சி ராக்வெலின் மொழிபெயர்ப்பில் பிரிட்டனில் வெளியிட்டது டில்டட் ஆக்சிஸ் பிரஸ். 2025இல் வென்ற பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைத் தொகுப்பை, தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில், ஆண்ட் அதர் ஸ்டோரீஸ் வெளியிட்டது. இரண்டும் சிறு பதிப்பகங்கள். அந்தப் பரிசைச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று வென்றது அதுதான் முதல் முறை; சிறுகதை விற்காது என்று சொல்லிக் கதவைச் சாத்துவது பெரிய பதிப்பகங்களின் பழக்கம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

செய்ய வேண்டியது எளிது. உங்களுக்குப் பிடித்த புத்தகத்தை வெளியிட்ட சிறு பதிப்பகத்தின் இணையதளத்தில் வரவிருக்கும் புத்தகங்களின் விவரப்பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். கடைகளுக்கும் நூலகங்களுக்கும் என்று தயாரிக்கப்படும் இந்தப் பட்டியல் பெரும்பாலும் எல்லோரும் பார்க்கும்படி இலவசமாகவே இருக்கும். புத்தகம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அதைப் பற்றிச் சொல்லிவிடும். சில பதிப்பகங்கள் சந்தா முறையும் வைத்திருக்கின்றன. முன்பணம் கட்டினால் ஆண்டு முழுவதும் அவர்கள் தேர்ந்தெடுத்தது வீடு வந்து சேரும். நாமாக ஒருபோதும் வாங்கியிருக்க மாட்டோம் என்று தோன்றும் புத்தகம் அந்த உறையில் வரும்போதுதான் சந்தாவின் அருமை தெரியும்.

படி 4: பரிசில் வென்றவரை விட்டுவிட்டு நெடும்பட்டியலைப் பாருங்கள்

வென்ற புத்தகத்தை எப்படியும் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். புக்கர் பரிசின் முதல் கட்டத் தேர்வான நெடும்பட்டியலில் வழக்கமாக 12 அல்லது 13 புத்தகங்கள், அடுத்த கட்டமான குறும்பட்டியலில் 6. நடுவில் கழன்றுபோகும் ஆறேழு புத்தகங்களைத்தான் சொல்கிறேன். நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்களை வாசித்துக் களைத்த ஐந்து பேர், ஒரு கட்டத்தில் ‘இதை விட முடியாது’ என்று பிடித்துவைத்தவை அவை. இறுதியில் வெல்வது பல சமயம் எல்லோரும் ஒத்துக்கொண்ட புத்தகம். கழன்றது யாரோ ஒருவர் சண்டை போட்டு உள்ளே கொண்டுவந்த புத்தகமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது ஐந்து பிரிவுகளிலும் தலா 10 புத்தகங்களை நெடும்பட்டியலிடுகிறது. புனைவு, அபுனைவு, கவிதை, மொழிபெயர்ப்பு, இளையோர் நூல் என்று ஆண்டுக்கு 50. கவிதைக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனிப் பட்டியல் கிடைப்பதுதான் இதன் பயன். டப்ளின் இலக்கிய விருது வேறு மாதிரி. உலகின் பல நகரங்களிலுள்ள பொது நூலகங்கள்தான் அதற்குப் புத்தகங்களை முன்மொழிகின்றன. 1,00,000 யூரோ பரிசில், மொழிபெயர்ப்பு நூல் வென்றால் 25,000 மொழிபெயர்ப்பாளருக்கு. நூலகர்கள் போட்ட அந்த நீண்ட பட்டியலில் விளம்பரத் துறையின் வாடை குறைவு. 2017இல் தொடங்கிய ரிபப்ளிக் ஆஃப் கான்ஷியஸ்னெஸ் பரிசு, ஐந்துக்கும் குறைவான முழுநேரப் பணியாளர்கள் உள்ள பதிப்பகங்களுக்கானது. சிறு பதிப்பகங்களின் பெயர்களைத் திரட்ட அதன் பழைய பட்டியல்களே போதும்.

இன்னும் முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால், மொழிபெயர்ப்பு நல்கைகளின் (நிதியுதவிகளின்) அறிவிப்புகளைப் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் அமைப்பான பென் 2003இல் நிறுவிய பென்/ஹைம் நல்கை, முடிவடையாத மொழிபெயர்ப்புகளுக்கு வழங்கப்படுகிறது. எந்தெந்த நூல் எந்த மொழியிலிருந்து வருகிறது என்ற குறிப்பு அறிவிப்பிலேயே இருக்கும். புத்தகமாக அது வரச் சில ஆண்டுகள் ஆகலாம். சிலவற்றுக்குப் பதிப்பகமே இன்னும் கிடைத்திருக்காது.

படி 5: புனைவு, தன்வரலாறு, கவிதை, சுயமுன்னேற்றம் என்ற நான்கு வகைக்கும் ஒரே வலையை வீசாதீர்கள்

புனைவுக்கு மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்வதே என் முதல் பரிந்துரை. ஒரு நாவலை மொழிபெயர்க்க ஒரு வருடமோ அதற்கு மேலோ போய்விடும். வருமானமும் பெரிதாக இருக்காது. பிடிக்காத புத்தகத்துக்கு அவ்வளவு காலத்தைக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் குறைவு. பல சமயம் அவரே புத்தகத்தைக் கண்டுபிடித்து, மாதிரிப் பக்கங்களை மொழிபெயர்த்து, பதிப்பகங்களின் கதவைத் தட்டியிருப்பார். எழுத்தாளருக்குப் பதில் மொழிபெயர்ப்பாளரின் பெயரைத் தேடுபெட்டியில் போட்டுப் பாருங்கள். 2003இல் தொடங்கிய வேர்ட்ஸ் வித்தவுட் பார்டர்ஸ், 2011இல் தொடங்கிய அசிம்ப்டோட் ஆகிய இணைய இதழ்கள் பல மொழிகளின் புனைவையும் கவிதையையும் இலவசமாக வெளியிடுகின்றன. முழுப் புத்தகத்துக்குப் பணம் செலவிடும் முன் ஒரு கதையில் அந்தக் குரல் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

தன்வரலாறும் நினைவுக்குறிப்பும் தேடுவதற்குச் சிரமமானவை, ஏனென்றால் அவை ஒரே இடத்தில் இருப்பதில்லை. நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி தசமப் பகுப்பில் வாழ்க்கை வரலாற்றுக்கு 920 இருக்கிறது. ஆனால் நோயைப் பற்றிய நினைவுக்குறிப்பு மருத்துவத்தின் 616இல் உட்கார்ந்திருக்கும்; மலையேறியவரின் அனுபவம் விளையாட்டுகளின் 796க்குப் போய்விடும். பிரபலங்களின் புத்தகங்கள் முன்வரிசையில் நிற்க, ஒரு தாதியோ சுரங்கத் தொழிலாளியோ எழுதியது தொழில்நூல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். அதனால் ‘நினைவுக்குறிப்பு’ என்று தேடாமல் தொழில், நோய், இடம், நிகழ்வு என்று தேடுங்கள். பல்கலைக்கழகப் பதிப்பகங்களையும் விட்டுவிடாதீர்கள். அட்டை சுமாராக இருக்கும், உள்ளே வேறு யாரும் வெளியிட்டிருக்க முடியாத வாழ்க்கை இருக்கும். இன்னொரு வழி, இதழ்களில் வரும் தன்னனுபவக் கட்டுரைகள். கட்டுரையின் கீழே எழுத்தாளர் குறிப்பில் ‘நினைவுக்குறிப்பு நூல் ஒன்றை எழுதிவருகிறார்’ என்று இருந்தால் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகையில் தரத்தை அறிய நான் பார்ப்பது ஒன்றுதான்: எழுதுபவர் தனக்கு எதிராக ஏதாவது சொல்கிறாரா? எல்லா அத்தியாயத்திலும் மற்றவர்கள் தவறு செய்து, எழுதியவர் மட்டும் பொறுத்துக்கொண்டே போனால், அது மனுவாக இருக்கலாம், நினைவுக்குறிப்பாக இருக்காது. பிரபலங்களின் தன்வரலாறுகளில் நன்றியுரையைத் தேடிப்பிடித்து வாசியுங்கள். ‘என் சொற்களுக்கு வடிவம் தந்தவர்’ என்று அடக்கமாக ஒரு பெயர் இருந்தால் அநேகமாக அவர்தான் எழுதியவர்.

கவிதையை மட்டும் புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள். இதழிலிருந்து தொடங்குங்கள். சிகாகோவில் ஹாரியட் மன்றோ 1912இல் தொடங்கிய ‘போயட்ரி’ இதழின் பழைய இதழ்களெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து இதழ்களைப் புரட்டி, பிடித்த ஐந்து கவிதைகளை எழுதியவர்கள் யார் என்று பார்த்தால், அவர்களில் மூவருக்கு ஒரு தொகுப்புதான் வந்திருக்கும், ஒருவருக்கு அதுவும் வந்திருக்காது. முதல் தொகுப்புக்கான பரிசுகளும் கவிதைக்குத்தான் அதிகம் பொருந்துகின்றன. யேல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் இளம் கவிஞர் வரிசை 1919இல் தொடங்கி, கவிஞர்களின் முதல் தொகுப்புகளை வெளியிட்டு வருகிறது. நடுவர் மாறும்போது ரசனை மாறுவதையும் அந்த வரிசையிலேயே பார்க்கலாம். 1953இல் டி.எஸ். எலியட் தொடங்கிய கவிதை நூல் சங்கம் காலாண்டுக்கு ஒரு தொகுப்பைத் தேர்வுசெய்து சந்தாதாரர்களுக்கு அனுப்புகிறது. கூடவே சில பரிந்துரைகளையும் தருகிறது. கவிதைக்கு இன்னொரு வசதி, கவிஞர்கள் தங்களுக்குப் பிடித்த கவிஞர்களை மறைப்பதில்லை. கவிதைத் தலைப்புக்குக் கீழே ‘இன்னாருக்கு’, ‘இன்னாரின் வரியிலிருந்து’ என்று இருக்கும் பெயர்களைப் பின்தொடர்ந்தே பல மாதங்கள் போகலாம்.

சுயமுன்னேற்றத்துக்கு வருவோம். இந்த வகையில் அறியப்படாத நல்ல புத்தகத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கூட்டம் அதிகம், சரக்கு குறைவு. ஒரு கட்டுரைக்குப் போதுமான யோசனையை இருநூறு பக்கத்துக்கு இழுத்திருப்பார்கள். அதனால் இங்கே தேடலைவிடக் கழித்தல் முக்கியம். முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஆதாரக் குறிப்புகள் இருக்கின்றனவா? இருந்தால் அவை ஆய்வுகளைக் காட்டுகின்றனவா, அல்லது இதே போன்ற மற்ற சுயமுன்னேற்ற நூல்களைக் காட்டுகின்றனவா? அடுத்து ஆண்டு. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த கூட்டுமுயற்சியில், சுமார் 36 சதவீதத்தில்தான் முன்பு சொன்ன முடிவு மீண்டும் கிடைத்தது. மன உறுதி பேட்டரி போலத் தீர்ந்துபோகும் என்ற புகழ்பெற்ற கருத்தை 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சோதித்தபோது, எதிர்பார்த்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றானது. இதற்குப் பிறகு வெளிவந்த புத்தகம் ஒன்று அந்தக் கருத்தை ஒரு வரிச் சந்தேகம்கூட இல்லாமல் சொன்னால், அதன் ஆசிரியர் தன் துறையை வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

நல்லவை எங்கே கிடைக்கும்? தொழிலாகவே அந்தப் பிரச்சினையைக் கையாண்டவர்கள் எழுதிய, ஒரே பிரச்சினையைப் பற்றிய புத்தகங்களில். ‘வாழ்க்கையை மாற்றுவது எப்படி’ என்பதை விட்டுவிட்டு ‘தூக்கமின்மை’, ‘கூச்சம்’, ‘இழப்புத் துயரம்’ என்று தேடுங்கள். நூலகத்தில் 158 என்ற எண்ணில் சுயமுன்னேற்ற நூல்கள் குவிந்திருக்கும். அதோடு நிற்காமல், 616இல் மனநலம் பகுதியிலும் கண்ணை ஓட்டுங்கள். சிகிச்சையாளர்கள் நோயாளிகளுக்கென்று எழுதிய பயிற்சிநூல்கள் அங்கே கிடைக்கும். பளபளப்பு இல்லாதவை, பயன் உள்ளவை. எழுதியவர் யாரென்றே தெரியாத, ஒரே மாதத்தில் ஏழெட்டுத் தலைப்பு வெளியிட்ட ‘ஆசிரியர்’களிடம் கவனமாக இருங்கள். இயந்திரத்தால் எழுதித் தள்ளும் புத்தகங்கள் பெருகியதால் அமேசானின் கிண்டில் தளம் 2023இல், ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புத்தகத்துக்கு மேல் பதிவேற்றக் கூடாது என்று வரம்பு வைக்க வேண்டியிருந்தது. மூன்று என்பதே எத்தகைய எண் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 6: நூலகப் பட்டியலில் துழாவுங்கள்

நல்ல புத்தகம் ஒன்றின் நூலகப் பதிவைத் திறந்தால் கீழே ‘பொருள் தலைப்புகள்’ என்று சில சொற்றொடர்கள் இருக்கும். அவை நூலகர்கள் ஒரே ஒழுங்கில் இட்டவை. விற்பனைக்காக ஒட்டியவை அல்ல. அதில் ஒன்றைச் சொடுக்கி, முடிவுகளை வெளியான ஆண்டு வாரியாக அடுக்குங்கள். வேர்ல்ட்கேட் என்ற கூட்டுப் பட்டியலில் இதைச் செய்தால் உலகின் ஆயிரக்கணக்கான நூலகங்களில் ஒரே நேரத்தில் தேடியதாகும். உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தைப் பிற நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் வசதி பல இடங்களில் உண்டு. ‘இதை வாங்குங்கள்’ என்று எழுதிக் கொடுக்கும் படிவமும் இருக்கும். அதை நிரப்புபவர்கள் குறைவு என்பதால் கோரிக்கைக்குச் செவிசாய்ப்பார்கள்.

படி 7: நட்சத்திரங்களை நம்பும் முன்

வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும், 2013இல் அமேசான் வாங்கிய குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் சராசரி மதிப்பெண்ணைப் பார்ப்பதால் அதிகம் தெரிந்துவிடாது. முப்பது பேர் மதிப்பிட்டு 4.8 வாங்கிய புத்தகம் என்றால் முப்பது உறவினர்கள் இருக்கிறார்கள் என்பதுகூடப் பொருளாக இருக்கலாம். வெளியீட்டுக்கு முன்பே வந்துவிடும் மதிப்புரைகள் பெரும்பாலும் நெட்கேலி போன்ற தளங்களில் இலவச மின்பிரதி பெற்றவர்களுடையவை. பொய் என்று சொல்ல மாட்டேன், சற்றுக் கனிவானவை. மூன்று நட்சத்திர மதிப்புரைகளை வாசியுங்கள். பிடித்தும் பிடிக்காமலும் இருந்தவர்தான் காரணத்தை யோசித்து எழுதுவார். ‘மெதுவாகப் போகிறது, ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் அந்தப் பாட்டி மறக்க முடியாதவள்’ என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டால், எனக்கு அது ஐந்து நட்சத்திரம். ஒருவரின் மூன்று நட்சத்திரக் கருத்து உங்களுடன் ஒத்துப்போனால், அந்தத் தளத்தில் அவருடைய புத்தக அலமாரிக்குள் போய், நூறு பேருக்கும் குறைவாக வாசித்த புத்தகங்களில் அவர் எதற்கு ஐந்து கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். சலித்தெடுக்கும் ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தயாரித்து, 2025 மே மாதம் அமெரிக்க நாளிதழ்களில் வந்த கோடைக்கால வாசிப்புப் பட்டியலில் இருந்த 15 புத்தகங்களில் 10 உலகில் இல்லவே இல்லை. எழுத்தாளர்கள் உண்மையானவர்கள், தலைப்புகள் கற்பனை. அறியப்படாத புத்தகங்களைக் கேட்கும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும், ஏனென்றால் அவற்றைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டதே குறைவு. கேட்பதில் தவறில்லை. ஐஎஸ்பிஎன் எண்ணும் பதிப்பகத்தின் பக்கமும் கண்ணால் காணும்வரை அந்தப் புத்தகம் இருப்பதாக நம்பாதீர்கள்.

படி 8: பதம் பார்ப்பது

மின்னூல் மாதிரிகள் பெரும்பாலும் தொடக்கப் பக்கங்களைத்தான் தருகின்றன. எழுத்தாளர் மெருகேற்றி மெருகேற்றி வைத்திருக்கும் பகுதி அது. 99ஆம் பக்கத்தைத் திறந்து வாசித்தால் புத்தகத்தின் தரம் தெரியும் என்று ஆங்கில நாவலாசிரியர் ஃபோர்ட் மேடக்ஸ் ஃபோர்ட் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. எழுத்தாளர் அசந்திருக்கும் நேரத்தில் பிடிப்பதுதான் அதன் உத்தி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாவலுக்கும் நினைவுக்குறிப்புக்கும் செல்லும், கவிதைக்குச் செல்லாது. கவிதைத் தொகுப்பில் முதல், கடைசி, நடுவில் இரண்டு என நாலு கவிதையாவது வாசிக்க வேண்டும், அதில் ஒன்றைச் சத்தமாக. சுயமுன்னேற்ற நூலில் ஒரு பயிற்சி இருக்கும் பக்கத்தைத் திறந்து, அது சொல்வதை இன்று மாலையே செய்ய முடியுமா என்று பாருங்கள். ‘உங்கள் உள்ளாற்றலை உணருங்கள்’ என்று இருந்தால் மூடிவிடலாம்.

எப்போது கைவிடுவது? சியாட்டிலில் நூலகராக இருந்த நான்சி பேர்ல் சொன்ன விதி எனக்குப் பிடிக்கும். 50 பக்கம் வரை வாய்ப்புக் கொடுங்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டால் 100இலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கங்கள் போதும். எழுபது வயதுக்காரர் 30 பக்கத்திலேயே தூக்கிப் போடலாம். தெரியாத எழுத்தாளர்களைத் தேடிப் போகிறவருக்கு இந்தச் சுதந்திரம் கட்டாயம் தேவை. எடுத்த எல்லாவற்றையும் முடித்தே தீருவேன் என்று இருந்தால், பயந்து மறுபடி விற்பனைப் பட்டியலுக்கே திரும்பிவிடுவோம்.

படி 9: யார் சொன்னது என்று எழுதி வையுங்கள்

வாசித்த புத்தகங்களின் பட்டியலைப் பலர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு நெடுவரிசையைச் சேருங்கள்: இந்தப் புத்தகம் எந்த வழியாக வந்தது. நன்றியுரையில் பார்த்த பெயரா, இந்தப் பதிப்பகமா, அந்த மொழிபெயர்ப்பாளரா, நூலகரா, பரிசுப் பட்டியலா? கைவிட்ட புத்தகங்களையும் எழுதுங்கள், எத்தனையாவது பக்கத்தில் என்று சேர்த்து. கொஞ்சம் சேர்ந்த பிறகு அந்த நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்தால், ஒரு பதிப்பகத்தின் நாவல்கள் எல்லாம் உங்களுக்கு ஒத்துவந்திருக்கும், அதே பதிப்பகத்தின் கட்டுரை நூல்கள் ஒன்றுகூட முடிந்திருக்காது. புகழ்பெற்ற இதழ் ஒன்றின் ஆண்டிறுதிப் பட்டியலிலிருந்து எடுத்தவை வரிசையாக நாற்பதாம் பக்கத்தில் நின்றிருக்கும். எந்த வழியை அடைத்துவிட வேண்டும், எதை அகலப்படுத்த வேண்டும் என்பது அப்போது தானாகத் தெரியும்.

இதெல்லாம் செய்து, யாரும் பேசாத ஒரு நல்ல புத்தகம் கையில் வந்து, வாசித்தும் முடித்துவிட்டால், எங்காவது நான்கு வரி எழுதுங்கள். ஐந்தே மதிப்புரை உள்ள புத்தகத்தில் ஆறாவதற்கு இருக்கும் கனம் ஐயாயிரம் உள்ள புத்தகத்தில் கிடையாது. ‘அருமை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. முதல் படியில் எழுதிப் பழகிய அந்த ஒற்றை வரி போல, என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவரின் பெயரையும் சேர்த்து.